மரத்திலிருந்து கோட்டுக்கு: ஓவியர் பீற் மொன்ட்ரியானின் வாழ்க்கை

வெள்ளைத் தளத்திலே கறுப்புக் கோடுகள். அவற்றுக்கிடையிலே ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு நீலம், ஒரு சின்ன மஞ்சள். ஒல்லாந்தில் வாழும் நாங்கள் இந்த வடிவத்தை எத்தனையோ இடங்களில் கண்டிருப்போம். தேநீர்க் கோப்பையில், குடையில், பிள்ளையளின் கொப்பி மட்டையில், கட்டடச் சுவர்களில் எல்லாம் இது இருக்கிறது. 1965 இல் பாரிஸ் நகரத்து உடையலங்காரக் கலைஞர் ஈவ் சான் லோரன் இதைப் பெண்களின் சட்டையாகவே தைத்து உலகம் முழுக்கப் பேரெடுத்தார். ஆனால் இதை முதலில் கீறிய மனிதர் யார், அவர் ஏன் இப்படிக் கீறினார் என்று எங்களில் கனபேர் யோசித்திருக்க மாட்டோம். இதென்ன பெரிய படம், என்ர பிள்ளையும் கீறும் என்று சொல்லிக்கொண்டு கடந்து போய்விடுவோம்.

நான் ஓவியம் படித்தவன் அல்லன். ஏ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுபோனது. இங்கே மட்டைப் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இருந்தாலும் எங்கள் சங்கத்தின் இந்தப் புத்தாண்டு மலருக்குப் பீற் மொன்ட்ரியானைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரை எப்படி மனதில் வைத்திருப்பது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையிலே ஒரு பதில் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

வாத்தியாரின் மகன்

மொன்ட்ரியான் 1872 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆம் திகதி, இந்த நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இரண்டாவது. அவர் பிறந்த வீடு இன்று ஒரு சிறிய அருங்காட்சியகம். தகப்பனார் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர், கடவுள் பக்தியும் கண்டிப்பும் உள்ளவர். 1880 இல் குடும்பம் ஜெர்மன் எல்லைக்கு அருகில் இருக்கும் வின்டர்ஸ்வைக் என்ற ஊருக்கு இடம்மாறியது.

தகப்பனாருக்கும் படம் கீறத் தெரியும். சித்தப்பா ஃபிரிட்ஸ் ஓவியராகவே இருந்தார். மகனுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்த இருவரும்தான். ஆனால் படம் கீறிச் சீவிக்கலாமா? முதலில் வாத்தியார் வேலைக்கு ஒரு பத்திரம் எடு, பிறகு உன் விருப்பம் என்பது எங்கட தகப்பன்மார் மட்டும் சொல்லும் கதையல்ல. மொன்ட்ரியானும் 1889 இல் ஆரம்பப் பள்ளியிலும், 1892 இல் உயர்பள்ளியிலும் சித்திரம் கற்பிக்கும் தகுதிப் பத்திரங்களை எடுத்தார். அதே 1892 இல்தான் ஆம்ஸ்டர்டாம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் கஷ்டமானவை. தனிப்பட்ட பாடங்கள் சொல்லிக் கொடுத்தார். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி கீறி விற்றார். லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவருக்குப் பக்ரீரியாக் கிருமிகளைக்கூடக் கீறிக் கொடுத்தார். மிச்ச நேரத்தில் தனக்குப் பிடித்ததைக் கீறினார். காற்றாலை, வாய்க்கால், பசுமாடு, ஆற்றங்கரை மரங்கள், மாலை வெளிச்சத்தில் ஒரு பண்ணைவீடு. முப்பத்தைந்து வயது மட்டும் அவர் நல்ல கைத்திறமையுள்ள ஒரு நிலக்காட்சி ஓவியர், அவ்வளவுதான். கோடும் இல்லை, பெட்டியும் இல்லை.

ஒரே மரம், மூன்று தரம்

1908 இலிருந்து அவர் சேலாந்து மாகாணத்தில் உள்ள டொம்பேர்க் என்ற கடற்கரை ஊருக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே கடல், மணல்மேடு, தேவாலயக் கோபுரம், பக்கத்து ஊரில் ஒரு வெளிச்சவீடு. எல்லாம் மட்டமான நிலம். அதில் செங்குத்தாக எழும்பி நிற்பவை ஒன்றிரண்டு மட்டுமே.

இந்தக் காலத்தில் அவர் மரங்களைக் கீறிய மூன்று ஓவியங்கள் இன்று டென் ஹாக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். முதலாவது, 1908 இல் தொடங்கி 1910 இல் முடித்த சிவப்பு மரம். நீலப் பின்னணியில் நெருப்புப் பிடித்தது போல ஒரு மரம். நிறம் மாறினாலும் மரம் மரமாகவே இருக்கிறது. இரண்டாவது, 1911 இல் கீறிய சாம்பல் மரம். நிறம் போய்விட்டது. கிளைகள் வில்லுப் போல வளைந்து படம் முழுக்கப் பரவுகின்றன. மூன்றாவது, 1912 இல் கீறிய பூக்கும் அப்பிள் மரம். பெயரில்தான் பூவும் அப்பிளும் இருக்கிறது. படத்தில் ஒன்றின்மேல் ஒன்று வெட்டும் வளைகோடுகள் மட்டும்தான். ஆனால் முதல் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் கோடுகளுக்குள்ளே மரம் நிற்பது துலாம்பரமாகத் தெரியும்.

மொன்ட்ரியான் மரத்தை அழிக்கவில்லை. இலையை எடுத்தார், பிறகு நிறத்தை எடுத்தார், பிறகு பட்டையை எடுத்தார். எடுக்க எடுக்க, எடுக்க முடியாதது எதுவோ அது மிஞ்சியது.

இந்த யோசனை அவருக்கு வந்ததில் எங்கட பக்கத்துக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1909 இல் அவர் பிரம்மஞான சபையின் ஒல்லாந்துக் கிளையில் சேர்ந்தார். அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் பின்னாலே நிலையான ஒன்று உண்டு என்பது அவர்களுடைய போதனை. தூலம், சூக்குமம் என்று எங்கட பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. மொன்ட்ரியான் அதைத் தூரிகையால் தேடினார்.

1911 முடிவில் அவர் பாரிசுக்குப் போனார். அங்கே பிக்காசோவும் பிராக்கும் பொருட்களை உடைத்துத் துண்டு துண்டாகக் கீறிக்கொண்டிருந்த நேரம். அந்தக் காலத்தில்தான் தன்னுடைய பெயரையும் மாற்றினார். ஒல்லாந்து எழுத்தில் அவருடைய குடும்பப் பெயரில் ஆ என்ற ஓசைக்கு ஒரே எழுத்தை இரண்டு தரம் எழுதவேண்டும். அதில் ஒன்றை வெட்டிவிட்டார். இங்கே வந்தபோது எங்கட நீண்ட பெயர்களைக் கந்தோர்ப் படிவங்களின் கட்டத்துக்குள் அடங்கும்படி மற்றவர்கள் வெட்டினார்கள். மொன்ட்ரியான் தானாகவே வெட்டினார். வித்தியாசம் பெரியது.

கடல் கோடுகளானது

1914 இல் தகப்பனாருக்குச் சுகமில்லை என்று பார்க்க ஒல்லாந்துக்கு வந்தார். வந்த இடத்தில் முதலாம் உலக யுத்தம் தொடங்கிவிட்டது. பாரிசில் அறை, படங்கள், வாழ்க்கை எல்லாம் அந்தப் பக்கம். ஆள் இந்தப் பக்கம். 1919 மட்டும் திரும்பிப் போக முடியவில்லை. பாதை பூட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த இடைக்காலத்தில், 1915 இல், தகப்பனாரும் காலமானார்.

அந்த வருடங்களை அவர் வீணாக்கவில்லை. டொம்பேர்க் கடலையும் அதற்குள் நீண்டிருக்கும் மரத்துறையையும் திரும்பத் திரும்பக் கீறினார். 1915 இல் கீறிய படத்தில் அலையும் இல்லை, நீலமும் இல்லை. வெள்ளையில் குட்டிக் குட்டிக் கறுப்புக் கோடுகள், கூட்டல் அடையாளமும் கழித்தல் அடையாளமும் இறைத்துவிட்டது போல. கிடையாகக் கிடப்பது கடல், நிமிர்ந்து நிற்பது துறை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர் மினுங்குகிறது.

1917 இல் தேயோ வான் டூஸ்பேர்க் என்பவர் தொடங்கிய டி ஸ்டைல் சஞ்சிகையில் மொன்ட்ரியான் எழுதினார். 1919 இல் பாரிசுக்குத் திரும்பியபின், 1921 அளவில், நாங்கள் கோப்பையிலும் குடையிலும் காணும் அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். கிடைக்கோடு, நிலைக்கோடு, மூன்று நிறம், வெள்ளை, சாம்பல், கறுப்பு. சரிவான கோடு கிடையாது. அந்தச் சரிவுக் கோட்டில்தான் பிறகு அவருக்கும் வான் டூஸ்பேர்க்குக்கும் மனக்கசப்பு வந்து பிரிந்தார்கள்.

அடிமட்டத்தை வைத்து யாரும் கீறலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் கோட்டின் இடத்தைக் கணக்குப் போட்டுப் பிடிக்கவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து, நகர்த்தி, அழித்து, திரும்பக் கீறி, தராசு நேராக நிற்கும்வரை விடமாட்டார்.

பாரிசில் அவருடைய வேலையறையே ஒரு ஓவியம் மாதிரி. வெள்ளைச் சுவரில் நிறமட்டைகளை ஒட்டி, அடிக்கடி இடம் மாற்றுவார். ஒரு செயற்கைத் துலிப் பூ வைத்திருந்தார். அதன் பச்சை இலைக்கு வெள்ளை அடித்துவிட்டார். பச்சை அவருக்கு ஆகாது. இவ்வளவு கண்டிப்பான ஆள் ஜாஸ் இசைத்தட்டு வாங்குவதிலும் நடனமாடுவதிலும் பெரிய விருப்பமுள்ளவர். கலியாணம் செய்யவில்லை. காசும் சேரவில்லை. கோட்டுப் படங்கள் விலைபோகாத காலங்களில் பூக்களைக் கீறி விற்றுத்தான் வயிற்றைப் பார்த்தார்.

யுத்தத்துக்குத் தப்பி இரண்டு கடல்

1937 இல் மியூனிக் நகரில் நாசிகள், தங்களுக்குப் பிடிக்காத நவீன ஓவியங்களை இழிந்த கலை என்று பெயர் வைத்துக் காட்சிக்கு வைத்துக் கேலி செய்தார்கள். அதில் மொன்ட்ரியானின் இரண்டு படங்களும் இருந்தன. அடுத்த வருடம், 1938 செப்டெம்பரில், யுத்தம் வரப்போகிறது என்று கண்டு பாரிசை விட்டு லண்டனுக்குப் போனார். அப்போது வயது 66. ஹம்ஸ்ரெட் பகுதியில் ஓவியர் பென் நிக்கல்சன் போன்ற நண்பர்களின் வீடுகளுக்கு அருகில் ஒரு அறை எடுத்து, முதல் வேலையாக அதற்கும் வெள்ளை அடித்தார்.

லண்டனில் இருந்தபோது தம்பி கரெலுக்குக் கடிதமும் தபாலட்டையும் எழுதுவார். அண்ணனும் தம்பியும் பாரிசில் ஒன்றாக இருந்து, பிள்ளையள் எல்லோருக்கும் தெரிந்த ஸ்னோ வைற்றும் ஏழு குள்ளர்களும் படம் பார்த்திருந்தார்கள். அதனால் அந்தக் குள்ளர்களின் படம் போட்ட அட்டைகளை வாங்கி, அவர்களின் பெயரை வைத்தே பகிடியாகத் தன் சேதிகளைச் சொல்லி அனுப்புவார். இவ்வளவு இறுக்கமான கோடு கீறிய மனிதருக்குள் இப்படி ஒரு அண்ணன் இருந்தார்.

1940 செப்டெம்பரில் லண்டனில் குண்டு விழத் தொடங்கியது. அவருடைய வீட்டுக்குப் பக்கத்திலும் விழுந்தது. லிவர்பூலில் கப்பல் ஏறி ஒக்ரோபர் 3 ஆம் திகதி நியூயோர்க்கில் இறங்கினார். ஹரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் அமெரிக்க ஓவியர் வாடகை வீடு பார்த்து உதவினார். 1935 க்கும் 1940 க்கும் இடையில் ஐரோப்பாவில் தொடங்கிய படங்களில் பதினேழு, நியூயோர்க்கில்தான் முடிந்தன. அங்கே தொடங்கியதை இங்கே முடிப்பது என்பது அவருக்கு வெறும் பேச்சல்ல. துணியில் செய்து காட்டினார். அவருடைய முதலாவது தனிக் கண்காட்சியும் 1942 இல் அந்தப் புது ஊரில்தான் நடந்தது. எழுபது வயதாக ஒரு சில வாரம் இருந்தது.

அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த புதுச் சாமான் நிற ஒட்டுநாடா. பெயின்ற் என்றால் அழித்துத் திரும்பக் கீறவேண்டும். ஒட்டுநாடாவை உரித்து நகர்த்தினால் போதும். கறுப்புக் கோடே இல்லாமல், மஞ்சள் வீதிகளில் சின்னச் சதுரங்கள் ஓடித் திரிவது போல அவர் கீறிய பிராட்வே பூகி வூகி 1943 இல் முடிந்தது. பூகி வூகி என்பது அவருக்குப் பிடித்த ஒருவகைப் பியானோ இசை.

ஒரு புகைப்படமும் அக்ரிலிக்கும்

இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தில் புதன்கிழமை மாலைகளில் நடக்கும் ஓவிய வகுப்பு. ஒரு நிலக்காட்சிப் புகைப்படத்தைக் கொண்டுவந்து அதை அக்ரிலிக்கில் அரூப ஓவியமாக மாற்றவேண்டும் என்று ரீச்சர் சொன்னா. மொன்ட்ரியான் மரத்தடியிலும் கடற்கரையிலும் நின்று கீறியவர். எங்களுக்கு மரமும் கரையும் தூரம். கையில் இருப்பது புகைப்படம்தான்.

நான் கொண்டுபோனது வல்லைவெளிப் படம். 2003 இல், பாதை திறந்திருந்த காலத்தில், ஒரு பின்னேரம் அண்ணா எடுத்தது. மட்டமான வெளி, இரண்டு பக்கமும் நீர், நடுவே வீதி, மின்கம்பங்கள், தூரத்தில் பனைகள், ஒரு சிவப்பு பஸ். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த இடம் விளங்கும். கீழ்மூலையில் படம் எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. 2009 க்குப் பிறகு அண்ணா வீட்டுக்கு வரவில்லை. அவருடையது என்று எங்களிடம் இருக்கும் கடைசி உருவம் அந்த நிழல்தான்.

செய்த விதத்தை எழுதுகிறேன். விருப்பமானவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். மூலப் படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டுப் பெரிதாக்கிய பிரதி ஒன்றில் வேலை செய்யுங்கள். கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தால் சின்னச் சாமான்கள் மறைந்து மூன்று நாலு பெரிய பகுதிகள் மட்டும் தெரியும். ஊடு தெரியும் தாளை மேலே வைத்து அந்த எல்லைகளை மட்டும் கீறுங்கள். எனக்கு வந்தது அடிவானம், நீர்க்கரை, கம்பங்கள், வீதி. வீதி தூரம் போகப் போக ஒடுங்கிச் சரிவாகத் தெரியும். மொன்ட்ரியான் சரிவுக்கு இடம் கொடாதவர். ஆகவே வீதியை நிமிர்த்தி ஒரு நேரான பட்டையாக்கினேன். பின்னேர வெயில் விழுந்த அந்தப் பட்டைக்கு மஞ்சள், நீருக்கு ஒடுங்கிய நீலம், பஸ்ஸுக்கு ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி.

நீரில் கலக்கும் அக்ரிலிக் 1950 களில்தான் கடைக்கு வந்தது. மொன்ட்ரியான் பாவித்தது எண்ணெய் நிறம். அது காய நாட்கணக்கு. அக்ரிலிக் மெல்லிய பூச்சென்றால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், வேலைக்குப் போகிற ஆட்களுக்கு வசதி. ஆனால் பிறஷை உடனே கழுவவேண்டும். துணிக்கு இரண்டு தரம் வெள்ளை பூசிக் காயவிட்டு, கோட்டின் இரண்டு கரையிலும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். நாடாவின் ஓரத்தில் முதலில் அதே வெள்ளையை மெல்லியதாகத் தடவினால் கறுப்பு உள்ளே கசியாது. கறுப்பு முற்றாகக் காய முதல் நாடாவை உரியுங்கள். மஞ்சள் ஒரு பூச்சில் மூடாது. எனக்கு நாலு தரம் பூசவேண்டி வந்தது.

மேகம், பற்றை, கம்பி, பனை எல்லாவற்றையும் எடுத்தேன். நிழலை என்ன செய்வது? இரண்டு புதன்கிழமை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொன்ட்ரியான் 1921 அளவில் கீறிய சில படங்களில் கறுப்புக் கோடு துணியின் ஓரம்வரை போகாது. கொஞ்சம் முன்னுக்கே நின்றுவிடும். அதைப் பார்த்த பிறகு நிழலுக்கு இடம் கிடைத்தது. கீழ் ஓரத்தில் இருந்து ஒரு தடித்த கறுப்புக் கோடு எழும்பி, மற்ற எந்தக் கோட்டையும் தொடாமல் நடுவில் நிற்கிறது.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பனை எங்கே, பாலம் எங்கே என்று கேட்டா. அந்தக் கோடு எது என்று சொன்னேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, அதுக்கு மேலே இவ்வளவு வெள்ளையை ஏன் சும்மா விட்டிருக்கிறாய் என்று கேட்டா. இங்கே பிறந்த மகளோ, ஒருநாளும் வல்லையைக் காணாதவள், அந்தக் கோடு யாருக்காகக் காத்துக்கொண்டு நிற்குது என்று கேட்டாள். புகைப்படத்தைக் காட்டியபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, பஸ் எங்கே போகுது என்பதுதான்.

முடியாத படம்

மொன்ட்ரியானின் கடைசி ஓவியம் விக்ரறி பூகி வூகி. யுத்தம் வெற்றியாக முடியும் என்ற நம்பிக்கையில் 1942 இல் தொடங்கினார். மூலையில் நிறுத்திய சதுரத் துணி, அதில் நூற்றுக்கணக்கான நிறத் துண்டுகள். 1944 சனவரியிலும் ஒட்டுநாடாவையும் கடதாசித் துண்டுகளையும் ஒட்டி மாற்றிக்கொண்டே இருந்தார். நியுமோனியாக் காய்ச்சல் பிடித்து பெப்ரவரி முதலாம் திகதி காலமானார். வயது 71. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதி மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஒல்லாந்து அப்போது நாசிகளின் பிடியில் இருந்தது. பிறந்த நாடு விடுதலையானதை அவர் காணவில்லை.

பூக்களைக் கீறி வயிற்றைக் கழுவியவரின் அந்த முடியாத படத்தை ஒல்லாந்து சுமார் 8 கோடி கில்டர் கொடுத்து வாங்கியது. 1998 இலிருந்து அது டென் ஹாக்கில் தொங்குகிறது. ஒட்டிய துண்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு விடயமும் சொல்லவேண்டும். நிற ஒட்டுநாடாவால் அவர் செய்த நியூயோர்க் நகரம் 1 என்ற படம் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் இருக்கிறது. 1945 இல் முதன்முதல் காட்சிக்கு வைத்த நாளிலிருந்து அது தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022 இல் அங்குள்ள அருங்காட்சியகத்தினர் கண்டு சொன்னார்கள். இனித் திருப்பினால் நாடாக்கள் கழன்று விழக்கூடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். செய்தவர் உயிரோடு இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். எங்கட வீடுகளில் இருக்கும் பழைய படங்களுக்கும் இதுதான் கதி. எது எந்த இடம், யார் யாருடைய நிழல் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பிள்ளையளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மொன்ட்ரியான் வெறும் கோடு கீறியவர் என்று இனி யாரும் சொன்னால், சிவப்பு மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எதை விடுவது என்று தீர்மானிக்க அவருக்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. நாங்கள் விட்டுவந்தவற்றில் அனேகமானவை எங்கள் தீர்மானம் அல்ல. ஆனால் இனி எதை வைத்திருப்பது என்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.